கனகத்துக்குப் போட்ட கிழிஞ்ச இலை

இந்தக் கம்பியைக் கொஞ்சம் பிடிச்சுக்கிடுதேன் தாயி, தப்பா நினைக்காதே. பஸ் ஆட்டத்துக்கு இல்லை. கைக்கு ஒரு பிடி வேணும். பாரேன். ஒன்பது வயசுல இருந்து பீடி சுத்துற கை. கண்ணை மூடிக்கிட்டு நூலு கட்டும். இன்னைக்குப் பாரு, கம்பியை விட மாட்டேங்குது.

நீ எங்க இறங்கணும்? அம்பாசமுத்திரமா? நான் பாபநாசம். இந்த வண்டி நேரா பாபநாசம் போவும்லா? எங்கயும் மாற வேண்டாம்லா? கண்டக்டர்ட்ட மூணு தடவை கேட்டாச்சு, இனிமே கேட்டா ஏசுவான். அதான் உன்ட்ட கேக்கேன்.

மடியில என்னன்னு பாக்கியா? ஒண்ணுமில்லை, ஈரத்துணி. அதுக்குள்ள ஒண்ணு இருக்கு. எதுக்கு எடுத்துட்டு வந்தேன்னு எனக்கே தெரியலை.

என் மருமவ குழலு காலையில முதல் வண்டிக்குப் பாபநாசம் போயிருக்கா. ஏன்ட்ட சொல்லலை. பக்கத்து வீட்டு வள்ளிமயில்ட்ட, "அத்தை கேட்டா பாபநாசம் போயிருக்கேன்னு சொல்லிருங்கக்கா"ன்னு சொல்லிட்டுப் போயிருக்கா. போனு போட்டா எவளோ ஒருத்தி இங்கிலீசுல பேசுதா. நானும் "ஏம்மா, குழலைக் கூப்பிடும்மா"ன்னு கெஞ்சிப் பாத்தேன். அவ பாட்டுக்குப் பேசிட்டு வச்சுட்டா.

அமாவாசை, குளிக்கப் போயிருப்பாகன்னு சொல்லுதியா? உன் வாய்க்குச் சக்கரை போடணும். ஆனா நீ விஷயம் தெரியாமச் சொல்லுதே. நேத்து மத்தியானம் நாங்க எட்டுப் பேரு சேந்து ஒருத்தியை ஆத்துல தள்ளிட்டோம்.

பதறாதே, பதறாதே. புஸ்தகத்துல வார பொம்பளை. கதையில. ரத்தமும் சதையுமா இருக்கவ இல்லை. அப்படித்தான் நேத்து வரைக்கும் நினைச்சேன்.

முக்கூடல் பக்கம் எங்க ஊரு. தெருவுல ஒன்பது பேரு ஒண்ணாக் கூடி உக்காந்து பீடி சுத்துவோம், வள்ளிமயில் வீட்டுல. அங்க ஃபேன் இருக்கு. டிவி போட்டா கண்ணு அங்க போயிரும், பீடி கோணிக்கிடும். காதுக்கு வேலை குடுத்தா கை அது பாட்டுக்கு ஓடும். அதனால என் மருமவ வாசிப்பா, நாங்க கேப்போம். அவ வாசிக்கிற நேரத்துக்கு அவ பங்கை நாங்க ஆளுக்குக் கொஞ்சம் சுத்திக் குடுத்துருவோம். எட்டாவது படிச்சவ. குழல்வாய்மொழின்னு பேரு, குத்தாலத்து அம்மன் பேரு. பேருக்கு ஏத்த குரலு.

என் மவன் மாசானம் போய் நாலு வருஷம் ஆச்சு. கிணத்து வேலைக்குப் போன இடத்துல மண்ணு சரிஞ்சு மூடிட்டு. அப்போ அவளுக்கு இருபத்தஞ்சு. பிள்ளை குட்டி இல்லை. தாய் வீட்டுக்குப் போறியாட்டின்னு நான் ஒரு வார்த்தை கேக்கலை. ஏன் கேக்கணும்? நான் இல்லையா அவளுக்கு? மவளாத்தான் வச்சிருக்கேன். தனியா ஒரு இடத்துக்கு அனுப்புனது கிடையாது. கல்யாண வீடு, சடங்கு வீடு போனா சனம் ஒண்ணு சொல்லும், அவ மனசு நோகும், அதனால நானே வேண்டாம்னுருவேன். சேலைகூட நானே போய் எடுத்துட்டு வந்துருவேன். சாம்பக் கலரு. அழுக்குத் தெரியாது பாரு. பூ வைக்காதேன்னு நான் சொன்னதே இல்லை. ஒரு தடவை வச்சா. நான் பாத்தேன். பாக்கத்தான் செஞ்சேன் தாயி, வாயைத் திறக்கலை. அவளா எடுத்துட்டா.

அப்படி ஒரு பிள்ளை.

அந்தப் புஸ்தகத்தைக் குடுத்தது பீடிக்கடை செக்கரு, ஞானதுரை. வேதக்காரப் பிள்ளை, ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறவன். முப்பத்தஞ்சு இருக்கும், பொண்டாட்டி பேறுகாலத்துல போயிட்டா, பாவம். ஆனா பீடி பாக்கதுல பொல்லாதவன். என் பீடியில கட்டுக் கட்டாக் கழிச்சுப் போடுவான். முனை மடங்கலைம்பான், நூலு தொளதொளங்குதும்பான். குழலு பீடித் தட்டை மட்டும் தொட்டுக்கூடப் பாக்க மாட்டான். "சரியாத்தான் இருக்கும்"பான், எடுத்து உள்ள வச்சுருவான். அவ சுத்து அப்படி. நான் பழக்குன கைலா!

அவன் தாத்தா வாத்தியாராம். பரண்ல கிடந்ததுன்னு ஒரு நாளு கொண்டாந்து குடுத்தான். அட்டை கிடையாது, பேரு தெரியாது, தாளு பூராவும் பழுப்பு. அந்தக் காலத்துல ஊரே படிச்ச கதையாம். "படிச்சு முடிச்சதும் என்ன தோணுதுன்னு சொல்லுங்க"ன்னான். எங்க எல்லாருக்கும் பொதுவாத்தான் சொன்னான். அதுல இருந்து தினமும், "எது வரைக்கும் வந்திருக்கு?"ன்னு கேப்பான். கதை மேல அம்புட்டு ஆசை.

என்ன, பாப்பாக்குடி தாண்டியாச்சா? அந்த வாய்க்கால்ல என்னமோ... துணி தானா? நல்லாப் பாரு, உனக்குக் கண்ணாடி இருக்கு. சாக்கா? சாக்கு தான், சரி. இன்னைக்குத் தண்ணியில எது கிடந்தாலும் எனக்குத் துணியாத்தான் தெரியுது.

கதையைச் சொல்லுதேன். கனகாம்புஜம்னு ஒருத்தி. நாங்க கனகம்னு சொல்லுவோம். அவ புருசன் ரங்கூனுக்குப் போற வழியில கப்பல் முங்கிப் போயிட்டான். இவ மாமியாகூட இருக்கா. அந்த மாமியாக்காரி ஒரு ராட்சசி தாயி! வாசலைத் தாண்ட விடமாட்டா. ஒரு நல்லது பொல்லதுக்கு அனுப்பமாட்டா. அடிக்க மாட்டா, வைய மாட்டா, ஆனா பாப்பா. பாத்தே கொல்லுவா. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, "ஏட்டி குழலு, அந்தக் கிழவியைப் புஸ்தகத்துல இருந்து இழுத்து ஏன்ட்ட குடுட்டி, ரெண்டு வச்சு விடுதேன்"னேன். எல்லாரும் சிரிச்சாளுக. குழலும் தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சிரிச்சா.

அந்த ஊரு ஆத்துல பாலம் கட்ட ஒரு மேஸ்திரி வாரான். வேத்து ஆளு, வேத்துச் சனம். கனகத்து மேல அவனுக்குப் பிரியம், இவளுக்கும் அப்படித்தான். ஒரு விரலு படலை தாயி, அதையும் சொல்லணும். ஆனா ஊரு விடுமா? வாய்க்கு வந்ததைப் பேசுது. கடைசியில அவன் சொல்லி விடுதான்: வேலை முடிஞ்சுது, நாளைக்கு விடியக்காலம் படித்துறையில ஓடத்துல இருப்பேன், வந்தா வா.

நேத்து மத்தியானம் அந்த இடம். கனகம் வாரா. படித்துறையில இறங்குதா. கடைசிப் படியில நிக்கா. முன்னால ஆறு. ஆத்துல ஓடம். பின்னால ஊரு. எங்க எட்டுப் பேரு கையும் நின்னு போச்சு. ஃபேன் மட்டும் சுத்துது.

குழலு அங்கன நிறுத்தினா. தண்ணி குடிச்சா. பிறகு வாசிச்சா. "கனகம் ஓடத்தில் ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஓடம் நகர்ந்தது." அம்புட்டுத்தான். முடிஞ்சு போச்சுன்னு புஸ்தகத்தை மூடிட்டா.

எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனா காது இருக்கு. தாளு திரும்புனா கோழி றெக்கையை மடக்குன மாதிரி ஒரு சத்தம். இத்தனை மூச்சு வாசிச்சா ஒரு தாளு திரும்பும், எனக்கு அத்துப்படி. நேத்து அந்தக் கடைசிக்கு முன்னால தாளு திரும்பியிருக்கணும். திரும்பலை. காதுல தட்டுச்சு எனக்கு. ஆனா நான் எங்க அதை நினைச்சேன்? கோபம் அப்படி வந்துட்டு.

எங்களுக்குள்ள ஒரு வழக்கம். ஒரு கதை முடிஞ்சா தீர்ப்புச் சொல்லணும். அந்தப் பொம்பளை செஞ்சது சரின்னா ஒரு முழு இலை. தப்புன்னா கிழிஞ்ச இலை. தட்டு மேல ஈரத்துணியைப் போட்டு மூடி வச்சுருவோம், ஒவ்வொருத்தியும் கையை உள்ள விட்டுப் போட்டுரணும். யாரு எதைப் போட்டான்னு தெரியாது. ஆனா ஒண்ணு சொல்லுதேன் கேளு. முழு இலைன்னா ஒரு பீடிக்கு ஆகுற இலை. கடையில நிறுத்துத்தான் தருவான், குறைஞ்சா நம்ம பாடு. திருப்பி எடுத்தா போட்டது யாருன்னு தெரிஞ்சுரும். கிழிஞ்சது எல்லார் மடியிலயும் குப்பையாக் கிடக்கும். அதனால எங்க தட்டுல சரின்னு தீர்ப்பு வாரது அபூர்வம். எத்தனையோ நல்ல பொம்பளைகளைக் கிழிஞ்ச இலையிலயே அனுப்பியிருக்கோம். கதையிலதானேன்னு.

இலை போடுறதுக்கு முன்னால ஆளுக்கு ஆளு பேசுவோம். நேத்து நான் தான் முதல்ல ஆரம்பிச்சேன். என்ன சொன்னேன் தெரியுமா?

"அந்தப் படியிலயே முங்கியிருக்கலாம் சிறுக்கி. முங்கியிருந்தான்னா ஊரு அவளைச் சாமியாக்கிக் கும்பிட்டிருக்கும். நானே பொங்கல் வச்சிருப்பேன்."

எங்க பக்கம் அப்படித்தானே. ஆத்துல கிணத்துல விழுந்து செத்த பொம்பளைக எல்லாம் பீடம் போட்டு நிக்காளுக, வருஷம் தவறாமப் பொங்கலு, சேலை சாத்துறது. அதை நினைச்சுத்தான் சொன்னேன்.

குழலு நிமிந்து பாத்தா. "செத்தாத்தான் பொங்கலா அத்தை?"ன்னா.

"பின்னே? ஓடுனவளுக்கா வைப்பாக?"

"ஓடலை அத்தை. ஓடத்துல ஏறுனா."

"ரெண்டும் ஒண்ணுதாம்ட்டி."

மூடுன புஸ்தகத்தைத் தட்டுக்கு அடியில வச்சா. அப்புறம், "ஒரு வேளை திரும்பி வந்தான்னா, அந்த மாமியாக்காரி வீட்டுக்குள்ள விடுவாளா?"ன்னு கேட்டா. கதையைப் பத்திக் கேக்கான்னு நினைச்சேன் தாயி. வாசல்ல சாணித் தண்ணி தெளிச்சு, அவ செத்தவதான்னு தலைமுழுகிருவான்னு சொன்னேன். எல்லாரும் ஆமான்னாளுக. நல்லாச் சொன்னே ஆவுடையக்கான்னாளுக. எனக்கு ஒரு பெருமை. பேசத் தெரிஞ்சவ பாரு.

துணியை எடுத்துப் பாத்தோம். கிழிஞ்சது எட்டு. முழுசு ஒண்ணு. "எவட்டி அந்தப் புண்ணியவதி?"ன்னு கேட்டேன், சிரிச்சுக்கிட்டே. குழலு அந்த ஒரு இலையை எடுத்து, தண்ணி தெளிச்சு, பழையபடி அவ கட்டுல சேத்து வச்சா. அப்பவும் எனக்குப் புரியலை. இலையை வீணாக்கலைன்னு மெச்சினேன்.

சாயங்காலம் என் காலுக்குத் தைலம் தேச்சு விட்டா. எனக்கு இடது கால்ல தான் வலி. அவ ரெண்டு காலுக்கும் தேச்சா. "ஏட்டி, இது நல்ல காலுட்டி"ன்னேன். "இருக்கட்டும் அத்தை"ன்னா. அந்த ‘இருக்கட்டும்’ இப்போ நெஞ்சுக்குள்ள கிடந்து குத்துது.

இந்த ஆம்புலன்ஸ் எந்தப் பக்கம் போவுது? நமக்கு எதிர்க்க வந்துதா, இல்லை நம்மளைத் தாண்டிப் போச்சா? எதிர்க்கத்தான் வந்துது, என்னா? பாபநாசத்துல இருந்து வருதா? எப்படிச் சொல்லுதே இல்லைன்னு? சரி, சரி. நீ சொன்னா சரி. என் கையைப் பிடிச்சுக்கோ.

காலையில எந்திச்சுப் பாத்தா ஆளைக் காணோம். வள்ளிமயில் வந்து பாபநாசம்னு சொன்னதும் எனக்கு முதல்ல வந்தது கோபம். சொல்லாமப் போனாளேன்னு. பிறகு பாத்தா, அலமாரியில அந்தப் புஸ்தகம். என்னன்னு தெரியலை, அந்தத் தாளு திரும்பாத சத்தம் காதுல வந்துட்டு. "வள்ளி, இதுல கடைசியில என்ன போட்டிருக்கு பாரு"ன்னேன். அவ அஞ்சாவது. எழுத்துக்கூட்டி வாசிச்சா. "ப-டித்-து-றை-யின் கடைசிப் படியில் நின்றாள். அவளுக்கு முன்னே ஆறு. ஆற்றிலே ஓடம்."

"அப்புறம்?"

"அம்புட்டுத்தான்க்கா. மிச்சத் தாளு கிழிஞ்சு போயிருக்கு. தச்ச நூலு மட்டும் நிக்கு."

"ஓடத்துல ஏறுனது?"

"அது இதுல இல்லைக்கா."

இல்லை தாயி! அது புஸ்தகத்துல இல்லை! அவளாச் சொன்னது. அவளாச் சொல்லி, இது சரியா தப்பான்னு எங்களைக் கேட்டிருக்கா. எட்டுப் பேரு முன்னால, இந்த ஆவுடையம்மா முன்னால. நான் என்ன சொன்னேன்? முங்குன்னு சொன்னேன். முங்குனாப் பொங்கல் வைப்பேன்னு சொன்னேன். மறுநாளு காலையில ஆத்துக்குப் போயிருக்கா.

போலீஸ்ல சொல்லவா? என்னன்னு சொல்ல? ஐயா, கதையில வந்த பொம்பளைக்கு நான் கிழிஞ்ச இலை போட்டேன், அதனால என் மருமவளைத் தேடித் தாங்கன்னா?

பாபநாசத்துப் படித்துறையில பாத்திருப்பே. குளிச்சிட்டுப் பழைய துணியை ஆத்தோட விட்டுட்டுப் போவாக சனங்க. சேலை சேலையா மிதக்கும், பாறையில சிக்கிக்கிட்டு ஆடும். சாம்பக் கலருல ஒண்ணு மிதந்தா நான் எப்படிப் பாப்பேன்? அதான் நீயும் கூட வாயேன்னு கேக்கலாமான்னு இருந்தேன். அம்பையில இறங்கணும்னு சொல்லிட்டே. நீ யாரு, நான் யாரு.

ஒண்ணு சொல்லுதேன், உன்ட்ட சொல்லதுக்கு என்ன. நேத்து என் தட்டுல முழு இலை கம்மியாத்தான் கிடந்துது. ஒண்ணு போட்டா ஒரு பீடி குறையும்னு ஒரு நினைப்பு உள்ள ஓடத்தான் செஞ்சுது. அதுக்காகப் போடலைன்னு சொல்ல மாட்டேன். அதுக்காகவும் தான். ஆனா குழலுக்கு அது தெரியாதே. எட்டுப் பேரு மனசையும் பாத்துட்டதா நினைச்சிருப்பா. இந்தத் துணிக்குள்ள இருக்கது அதான். காலையில நனைச்சு வச்ச கட்டுல இருந்து ஒரு முழு இலை. ஓட்டை இல்லாம, நரம்பு தடிக்காம, பாத்து எடுத்திருக்கேன். என்ன புத்தியில எடுத்தேனோ.

அவ இல்லைன்னா எனக்கு யாரு இருக்கா தாயி? அவ செத்தாலும் நான் தனி. அவ போயிட்டாலும் நான் தனி. ரெண்டுல எதுக்குக் கூடுதலாப் பயந்தேன்னு கேக்காதே. நாலு வருஷமா எதுக்குப் பயந்தேன்னு எனக்குத் தெரியும். இன்னைக்குத் தான் ரெண்டும் ஒண்ணு இல்லைன்னு தெரியுது.

என்ன, பஸ் ஸ்டாண்டா? அம்பை வந்துட்டா? இரு, இடிக்காம இறங்கு, கூட்டம் போகட்டும்.

தாயி.

தாயி, அந்தப் பூக்கடைப் பக்கம் பாரு. பச்சைச் சேலை. முதுகு தான் தெரியுது. தலை ஈரமாத் தொங்குது, நுனியில முடிச்சுப் போட்டிருக்கா. அந்த மஞ்சப்பை எங்க வீட்டுப் பைலா? வாரு அறுந்து நான் தான் தச்சேன், கறுப்பு நூலு. யாரோ கையில வச்சிருக்கான். அட, நம்ம செக்கரு! ஞானதுரை இங்க எதுக்கு...

இரு. கொஞ்சம் பேசாம இரு.

உயிரோட இருக்கா. பூ வாங்குதா பாரு. முங்கிட்டு எந்திச்சு வந்திருக்கா தாயி! சாம்பச் சேலையை ஆத்தோட விட்டிருக்கா. நான் எடுத்துக் குடுத்த சேலை. போகட்டும், சனியன்.

நீ ஏன் சிரிக்கே? உனக்கு முதல்லயே தெரியுமா? பீடியைக் கழிக்க மாட்டான்னு சொன்னப்பவே தெரியுமா? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா பிள்ளே, இம்புட்டு நேரம் நான் செத்துப் பிழைக்கேனே! ஆமா, நான் எங்க உன்னைப் பேசவிட்டேன்.

ஐயோ, இந்தப் பக்கம் திரும்புதா. மறைச்சுக்கோ, மறைச்சுக்கோ என்னை. என்னைக் கண்டா நடுங்கிருவா. அந்தக் கிழவியைக் கண்டாக் கனகம் இப்படித்தான்...

சரி. விடு.

ஒரு உபகாரம் பண்ணு. எப்படியும் இறங்கத்தானே போறே. இதைக் கொண்டு அவ கையில குடு. துணியோட குடு. நான் இறங்கலை. என்ன சொல்லணும்னா... ஒண்ணும் சொல்லாதே. பாத்தா அவளுக்குத் தெரியும். ஆனா கனகத்துக்குப் போட்ட இலையை நான் மாத்த மாட்டேன், அதைத் தெரிஞ்சுக்கோ. அவ செஞ்சது தப்பு தான், நாளைக்குக் கேட்டாலும் அதான் சொல்லுவேன். இது குழலுக்கு.

எனக்கு டிக்கெட் பாபநாசம் வரைக்கும் இருக்கு. போய் ஒரு முங்கு முங்கிட்டு வாரேன். பயப்படாதே, எந்திச்சு வந்துருவேன். வீட்டுல இலை நனைச்சது நனைச்சபடி கிடக்கு.

கண்டக்டரு விசிலு ஊதப் போறான். ஓடு தாயி. இலை காஞ்சா நொறுங்கிரும்.